பூஜ்யத்துக்குச் சமமானவர்கள்

கருவிழி வரிசை வாரியத்தின்மேல் யாரும் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. உலகத்திலேயே மிகக் குட்டையான வரிசை அவர்களுடையதுதான். கண்ணின் முன்பக்கத் திரை மங்கிப்போனவர்கள், எங்கோ யாரோ இறந்து தானமாக விட்டுப்போகும் கருவிழிக்காகப் பெயர் கொடுத்துக் காத்திருக்கும் வரிசை அது. மற்ற இடங்களில் இப்படிக் காத்திருப்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்களாம். இந்த வாரியத்தில் எந்த வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு எண்ணினாலும் முப்பத்தொன்பது பேர்தான். இதற்காகக் கொடுத்த கேடயம் வரவேற்பறைச் சுவரில் மாட்டியிருக்கிறது. பக்கத்திலேயே இன்னொரு ஆணியும் அடித்து வைத்திருக்கிறார்கள், அடுத்த கேடயத்துக்கு.

திங்கட்கிழமை காலையில் வந்து பார்க்கிறவர்களுக்கு மட்டும் ஒரு சின்னச் சந்தேகம் வரலாம். அன்றைக்கு ஒன்பது மணிக்கெல்லாம் கறுப்புக் கண்ணாடி போட்ட ஆயிரத்து இருநூறு பேர், தூணுக்குத் தூண் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு, கூடத்தைத் தாண்டி, மாடிப்படியைச் சுற்றி, சைக்கிள் நிறுத்தும் இடம்வரை நிற்பார்கள். இவர்கள் வரிசை இல்லை. வரிசையில் சேர வந்தவர்கள். போன வாரமும் சேர்ந்தவர்கள்தான். வெள்ளிக்கிழமையோடு அது காலாவதியாகிவிட்டது. சுற்றறிக்கை எண் பதினான்கு தெளிவாகவே சொல்கிறது: "பார்வை வாரத்துக்கு வாரம் மாறக்கூடியது என்பதால், விண்ணப்பதாரர் தாம் இன்னமும் பார்வையற்றவரே என்பதை ஒவ்வொரு திங்கட்கிழமையும் நேரில் வந்து உறுதிசெய்ய வேண்டும்." இதற்கு வாராந்திரப் புதுப்பிப்பு என்று பெயர். படிவத்தின் அடியில் 'மேலே உள்ளதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திடுகிறேன்' என்று அச்சடித்திருக்கும். கையெழுத்துப் போடும் இடத்துக்குக் கையைப் பிடித்து நகர்த்திவிடுவதற்கென்றே ஓர் ஊழியர் இருக்கிறார். வாரியம் அவ்வளவு கருணையானது.

அந்தக் கயிற்றைப் பதினோரு வாரமாகப் பிடித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவன் இரும்பு கடையும் லேத் பட்டறைக்காரன். இரும்புப் பிசிறு தெறித்து, புண்ணாகி, இடது கண் முழுக்க வெளுத்துப்போனது. அந்தப் புண் வலது கண்ணுக்கும் வந்து, இப்போது வெளிச்சம் எது, ஆள் எது என்கிற அளவுக்குத்தான் தெரிகிறது. வலது கண்ணில் ரத்தக்குழாய்கள் உள்ளே வளர்ந்து வருகின்றன, நாலு மாதத்துக்குள் கருவிழி மாற்றினால் பிழைக்கும், அதற்குப் பிறகு புதுசு வைத்தாலும் ஒட்டாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பதினோரு வாரத்தில் அவனுக்குப் பதினோரு எண் கொடுத்தார்கள்.

"இந்தத் திங்கக்கிழமையும் நான் குருடன்தான்னு போய் சத்தியம் பண்ணணுமாக்கா?" என்பான். "நடுவுல ரெண்டு நாள் லீவுல எனக்குக் கண்ணு வந்துட்டுப் போயிடுமோ என்னவோ, அவங்களுக்குச் சந்தேகம்."

அக்காவுக்குச் சிரிப்பு வராது. ஏனென்றால் அவள் அந்த வாரியத்தின் மூன்றாம் மாடியில்தான் வேலை பார்த்தாள். பன்னிரண்டு வருஷம் வீட்டோடு இருந்துவிட்டு, ஆறு மாதம் படித்து, வலைத்தளம் செய்யக் கற்றுக்கொண்டவள். ஒப்பந்த ஊழியர் என்று எழுதி எடுத்துக்கொண்டார்கள். அங்கே யாருக்கும் அவள் பெயர் தெரியாது. "ஒப்பந்தம், இங்க வாம்மா" என்றுதான் கூப்பிடுவார்கள். நாம் அக்கா என்றே சொல்வோம்.

அவளுக்குக் கொடுத்த வேலை, தளத்தில் இருந்த 'தொடர்க' என்ற பொத்தானைப் பச்சையிலிருந்து நீலமாக்குவது. மூன்று மாத வேலையாக அதை மதிப்பிட்டிருந்தார்கள். இரண்டாம் நாள் காலையிலேயே முடிந்துவிட்டது. முடிந்ததை வெளியே சொல்லாதே என்று பக்கத்து நாற்காலியில் இருந்தவர் கேட்டுக்கொண்டதால், மீதி நாட்களில் அக்கா வாரியத்தின் கணினியை ஓட்டும் பழைய நிரல்களை ஒவ்வொன்றாகத் திறந்து படித்துக்கொண்டிருந்தாள். அப்படித்தான் அந்த ஒரு வரி கண்ணில் பட்டது. அதற்கு மேலே, எப்போதோ வேலையை விட்டுப் போன யாரோ, 'தொடாதே' என்று எழுதி வைத்திருந்தார்கள்.

வரி இதுதான்: வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு, வரிசை எண் 0 ஆக உள்ளவர்களை நீக்கு.

முதலில் பார்த்தால் நியாயமான வரிதான். விண்ணப்பத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் போகிறவர்களுக்கு எண் 0 என்று விழும். அந்தக் குப்பையை வாரம் ஒருமுறை பெருக்க வேண்டாமா? வாரியம் தொடங்கிய காலத்தில் வரிசை எண் வெறும் எண்ணாகவே இருந்தது. பிறகு வந்த வாரியத் தலைவர், மனிதரை வெறும் எண்ணால் கூப்பிடுவது அவமரியாதை என்று கருதி, ஒவ்வோர் எண்ணுக்கும் முன்னால் 'ம' என்று ஓர் எழுத்தைச் சேர்க்க உத்தரவிட்டார். ம என்றால் மனிதர். எழுத்து வந்ததும், கணினிப் பட்டியலில் எண் இருந்த பத்தியை எழுத்துப் பத்தியாக மாற்றினார்கள். பெருக்கும் வரியை மட்டும் யாரும் மாற்றவில்லை. அது இன்னமும் எழுத்தை எண்ணோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தது.

அன்று மாலை அக்கா தம்பியிடம் இதை விளக்கினாள். அவன் வாசற்படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"எழுத்தையும் எண்ணையும் ஒப்பிடச் சொன்னா மெஷின் முடியாதுன்னு சொல்லாதுடா. நம்மள கேக்காம அதுவா எழுத்தை எண்ணா மாத்திக்கும். மொதல்ல இருக்கற எண்ணை மட்டும் படிக்கும். எழுத்து வந்ததும் நிறுத்திடும்."

"என் நம்பர் ம-வில இல்ல ஆரம்பிக்குது?"

"அதான். மொத எழுத்துலயே நின்னுடும். கையில ஒண்ணும் இல்ல. அதனால சைபர்."

தம்பி கொஞ்ச நேரம் டம்ளரை உருட்டிக்கொண்டிருந்தான். "பட்டறையில இரும்பு அளக்கற கேஜை வெச்சுத் துணியை அளந்த மாதிரி இருக்கு. கேஜ் என்ன பண்ணும் பாவம், சைபர்னுதான் காட்டும். தப்புன்னு ஒரு சத்தம்கூடக் குடுக்காதா?"

"எச்சரிக்கைன்னு உள்ளுக்குள்ள முணுமுணுத்துக்கும். நாம கேட்டாத்தான் சொல்லும். தப்பா இருந்தா வேலையை நிறுத்திடுன்னு ஒரு கண்டிப்பு விசை இருக்கு. அதை இங்க அணைச்சு வெச்சிருக்காங்க. அடிக்கடி நிறுத்துதாம், தொந்தரவாம்."

"சரி பண்ண எவ்வளவு நாளாகும்?"

"அந்த சைபருக்கு முன்னால ஒரு மேற்கோள் குறி, பின்னால ஒண்ணு. அதுவும் எழுத்துதான்னு மெஷினுக்குப் புரிஞ்சிடும். ஒரு நிமிஷம்கூட ஆகாது."

"அப்ப அடுத்த திங்கக்கிழமை நான் தூங்கலாம்" என்றான் தம்பி.

நிரலைப் படிக்க அவளுக்கு அனுமதி உண்டு. எழுத இல்லை. அதனால் மறுநாள் அக்கா பிரிவுத் தலைவரிடம் போனாள். அவர் நல்ல மனிதர். யாரையும் நிற்கவைத்துப் பேசமாட்டார். உட்காரவைத்துவிட்டுப் பேசாமல் இருப்பார்.

"சார், ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எல்லாரையும் நாமளேதான் அழிச்சிட்டிருக்கோம்."

"அழிக்கிறோம்னு சொல்லாதம்மா. காலாவதி."

"காலாவதியெல்லாம் ஒண்ணும் இல்ல சார். இது பிழை. பேர் காணாமப் போகுதுன்னு ஜனங்க வந்து கேட்டப்ப, காரணம் தெரியாம, அதுக்கு அப்புறம்தான் அந்தச் சுற்றறிக்கையே எழுதியிருக்காங்க. தேதியப் பாருங்க."

பிரிவுத் தலைவர் தேதியைப் பார்க்கவில்லை. "இது பிழைன்னு உனக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"நேத்து சார்."

"சுற்றறிக்கை எப்ப வந்துது?"

"மூணு வருஷத்துக்கு முன்னால."

"அப்ப எது மூத்தது?" அவர் குரல் இளகியது. "உன்னைத் தப்பு சொல்லலம்மா. புதுசாக் கத்துக்கிட்டு வந்திருக்க. ஆனா யோசி. இந்தப் புதுப்பிப்புக்குன்னு பதினாறு பேர் இருக்கோம். கயிறு கட்ட ஒருத்தர், அவுக்க ஒருத்தர், கையைப் பிடிச்சு விட ஒருத்தர். நீ ரெண்டு குறியைப் போட்டுட்டுப் போயிட்டா திங்கக்கிழமை நாங்க என்ன பண்றது? வரிசை வேற நீளமாயிடும். அந்தக் கேடயத்தை யார் திருப்பிக் குடுக்கறது?"

இருந்தாலும் அவர் கோப்பை மேலே அனுப்பினார். கீழே வைத்துக்கொள்ளப் பயமாக இருந்ததாம். ஆனை அசைந்து வருவது போல அது மூன்று வாரம் கழித்துக் குழுவின் முன் வந்தது. அந்த மூன்று வாரத்தில் தம்பி மூன்று தடவை கயிற்றைப் பிடித்தான், மூன்று புது எண் வாங்கினான்.

குழுவில் வாரியத் தலைவர், நிதி உறுப்பினர், சட்ட உறுப்பினர், பிரிவுத் தலைவர். மூலையில் குறிப்பெடுக்க ஓர் எழுத்தர். அக்கா விஷயத்தைச் சொன்னதும் சட்ட உறுப்பினர்தான் முதலில் விழித்துக்கொண்டார்.

"மேற்கோள் குறின்னா யாரையோ மேற்கோள் காட்டறோம்னு அர்த்தம். யாரை?"

"சைபரை சார்."

"சைபர் அதை எங்க சொல்லியிருக்கு? ஆதாரம் இருக்கா?"

நிதி உறுப்பினருக்கு வேறு கவலை. புதிதாக எதைச் சேர்த்தாலும் கட்டம் கட்டமாகச் சேர்ப்பதே வாரியத்தின் மரபு. "இந்த வருஷம் முன்னால இருக்கற குறியப் போடுவோம். அதோட பலனைப் பாத்துட்டு அடுத்த வருஷம் பின்னால இருக்கற குறியப் பத்தி யோசிக்கலாம்."

"ஒண்ணை மட்டும் போட்டா எல்லாமே நின்னுடும் சார்."

"நின்னா முதல் கட்டம் முடிஞ்சிடுச்சுன்னு அர்த்தம்" என்றார் அவர், பொறுமையாக.

அக்கா புதியவள். கண்ணால் பார்த்தால் புரிந்துகொள்வார்கள் என்று நினைத்தாள். கணினியைத் திறந்து, சுவரில் திரை விரித்து, எந்த எழுத்தை எந்த எண்ணாக இயந்திரம் எடுத்துக்கொள்கிறது என்று காட்டினாள். தன் தம்பியின் எண் என்று சொல்லி ஓர் எண்ணைப் போட்டாள். 0 என்று வந்தது.

"பாருங்க சார், எழுத்துல ஆரம்பிச்சா எதுவானாலும் சைபர்தான்."

"எதுவானாலும்னா?" என்றார் வாரியத் தலைவர். "என்னைப் போட்டுப் பாரு."

அக்கா தயங்கினாள். அவர் கையை ஆட்டினார். 'வாரியத் தலைவர்' என்று அடித்தாள். திரையில் 0 விழுந்தது.

"ஸ்பெல்லிங் பாத்தியா?" என்று கேட்டார் பிரிவுத் தலைவர். மறுபடி அடித்தாள். மறுபடியும் 0. 'மாண்புமிகு' என்று முன்னால் சேர்க்கச் சொன்னார்கள். சேர்த்தும் 0. தனியாகத் தலைவரை மட்டும் அவமானப்படுத்துவது முறையில்லை என்று நிதி உறுப்பினர் தம்மையும் போடச் சொன்னார். 0. சட்ட உறுப்பினர், தம் பட்டங்களையெல்லாம் சேர்த்து எழுதினால் வித்தியாசம் இருக்கும் என்று நம்பினார். நீளமாக அடித்ததற்கும் 0 தான். வாரியத் தலைவரின் முகம் கொஞ்சம் தெளிந்தது. எல்லோரும் ஒரே படகு என்றால் யாருக்கும் வெட்கமில்லை அல்லவா?

"மீதி யாரு இருக்கா? அவரையும் போடு, பதிவுக்கு" என்றார்.

மூலையில் இருந்தவரின் பதவி பதிவேட்டில் '2ஆம் நிலை எழுத்தர்' என்று இருந்தது. அக்கா அதைப் பார்த்தபடியே அடித்தாள். அடித்து முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

திரையில் 2 என்று வந்தது.

எழுத்தர் எழுந்து நின்றுவிட்டார். "ஐயோ சார், நான் ஒண்ணும் பண்ணல சார்."

அன்றைய கூட்டக் குறிப்பில் மேற்கோள் குறி பற்றி ஒரு வரியும் இல்லை. எழுத்தரைக் குளிர் அறைக்கு மாற்றிய உத்தரவு மட்டும் இருந்தது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது, பூதத்தை விட்டுவிட்டுக் கிணறு வெட்டியவளை முறைத்தார்கள்.

குளிர் அறை என்பது தரைத்தளத்தின் பின்பக்கம். தானமாக வந்த கருவிழிகள் சின்னச் சின்னப் பாட்டில்களில் அங்கேதான் இருக்கும். பதினான்கு நாள்தான் தாங்கும். அக்கா மன்னிப்புக் கேட்கப் போனபோது எழுத்தர் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, மூடிகளில் தேதி எழுதிக்கொண்டிருந்தார்.

"மன்னிப்பெல்லாம் எதுக்கும்மா. இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்ல என்னைத் தலைவருக்கு மேலன்னு சொன்னது அந்த மெஷின் ஒண்ணுதான்" என்றார். பிறகு ஒரு தட்டைக் காட்டினார். "இது பதினாலாம் நாள். இந்த வாரம் மட்டும் ஆறு. தூக்கிப் போடணும்."

"யாருக்கும் குடுக்கலையா சார்?"

"வரிசையில எட்டு நாள் இருந்தவங்களுக்குத்தான் குடுக்கணும்னு விதி. திங்கக்கிழமை சேர்ந்து வெள்ளிக்கிழமை போறவங்க எட்டு நாளுக்கு எங்க போவாங்க? எழுத்து வராத காலத்துப் பழைய நம்பர்காரங்க முப்பத்தொம்பது பேர் இருக்காங்க பாருங்க, அவங்களுக்கே திரும்பத் திரும்பக் கடிதாசி போகுது. பாதிப் பேருக்குக் கண்ணு எப்பவோ சரியாயிடுச்சு. மீதிப் பேர் போய்ச் சேர்ந்துட்டாங்க."

ஆறு பாட்டிலும் வரிசையாக இருந்தன. எனக்கு இந்த இடத்தில் கோபம் வருகிறது. அங்கதம் எழுதுகிறவனுக்குக் கோபம் வரக் கூடாது என்பார்கள். வருகிறது, என்ன செய்ய? யாரோ ஒருவர் சாகும் நேரத்தில் கண்ணை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அதை இங்கே மூடியில் தேதி போட்டுக் குப்பையில் போடுகிறார்கள். எழுத்தர் குரலைத் தாழ்த்தினார்.

"அன்னைக்கு என்னை மட்டும் ரெண்டுன்னு காட்டுச்சே. ஏம்மா?"

"உங்க பதவி எண்ணுல ஆரம்பிக்குது சார்."

"அப்ப உங்க தம்பி நம்பருக்கு முன்னால ஒரு எண்ணு இருந்தா?"

அக்காவுக்கு அது அன்று கூட்டத்திலேயே தோன்றியிருந்தது. ஆயிரத்து இருநூறு பேர் நிற்கும்போது ஒருவனை மட்டும் உள்ளே தள்ளுவதா என்று அடக்கி வைத்திருந்தாள். அந்த ஆறு பாட்டிலைப் பார்த்த பிறகு அடக்க முடியவில்லை. நிரலில் எழுதத்தான் அனுமதி இல்லை. விண்ணப்பங்களில் தட்டச்சுப் பிழை திருத்தும் பக்கம் ஒப்பந்த ஊழியருக்கும் திறக்கும். வெள்ளிக்கிழமை நாலரை மணிக்கு அந்தப் பக்கத்தைத் திறந்தாள். தம்பியின் எண்ணுக்கு முன்னால் 1 என்று அடித்தாள். எந்த எண்ணாக இருந்தாலும் போதும்தான். தன் தம்பி என்றால் எந்த அக்காவுக்குத்தான் ஏழு என்று அடிக்கத் தோன்றும்?

ஐந்து மணிக்குப் பெருக்கும் வரி ஓடியது. ஐந்தரைக்கு வரிசையில் நாற்பது பேர் இருந்தார்கள்.

"இந்தத் திங்கக்கிழமை போக வேண்டாம்டா" என்றாள் வீட்டுக்கு வந்து.

"ஏன், கண்ணு வந்துடுச்சா எனக்கு?" அவன் சிரித்தான். பிறகு, "எல்லாருக்குமா?"

அக்கா தோள்பையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள்.

"எனக்குப் பின்னால ஒரு அம்மா நிப்பாங்க. என் சட்டையப் பிடிச்சுக்கிட்டுத்தான் நடப்பாங்க. அவங்க என்னைத் தேடுவாங்களே" என்றான். பிறகு அவனே, "சரி விடு. எனக்குக் கண்ணு வந்தா நானே போய் அவங்களக் கூட்டிட்டு வரேன்" என்றான்.

எட்டு நாள் முடிந்து வந்த செவ்வாய்க்கிழமை, ஒதுக்கீட்டு நிரல் ஓடியது. அதுவும் அதே கையால் எழுதிய நிரல்தான் என்பதை அக்கா யோசிக்கவில்லை. கற்றுக்கொண்டு ஒரு வருஷம்கூட ஆகாதவள் செய்கிற பிழை அது. ஓர் ஓட்டையைப் பார்த்தவள், அதே துணியில் வேறு ஓட்டை இருக்காது என்று நம்பிவிட்டாள். இயந்திரம் தம்பியின் எண்ணைப் படித்தது. 1 வரை வந்து, எழுத்தைப் பார்த்ததும் நின்றது. ஒன்றாம் எண்காரருக்குக் கருவிழி என்று முடிவு செய்து, ஒன்றாம் எண்ணின் முகவரியைத் தேடியது. முதலில் கிடைத்த முகவரிக்குக் கடிதம் போனது.

ஒன்றாம் எண்காரர் ஓய்வுபெற்ற வில்வித்தை வீரர். வாரியத்தைத் திறந்துவைத்து நாடா வெட்டியவர். விழாவில் மரியாதைக்காக அவருக்கு முதல் எண்ணைக் கொடுத்திருந்தார்கள். எண்பது அடியில் எலுமிச்சம்பழத்தை அடிக்கக்கூடிய கண் அவருக்கு. 'மரியாதைக்குரியவர், அனுப்ப வேண்டாம்' என்ற குறிப்போடு இத்தனை வருஷம் அவரை இயந்திரம் தாண்டியே போய்க்கொண்டிருந்தது. அவர் நன்றிக் கடிதம் எழுதினார். கருவிழி தமக்கு இப்போதைக்குத் தேவைப்படவில்லை என்றும், வாரியத்தின் அன்பை மறக்க முடியாது என்றும், அதைத் தம் பதக்கங்களோடு வைத்துக்கொள்ளலாமா என்றும் கேட்டிருந்தார். பத்திரிகையில் படம் வந்தது. பாட்டில் பதினான்காம் நாளைத் தொட்டது. எழுத்தர் அதன் மூடியில் கடைசித் தேதியை எழுதினார்.

விசாரணையில் குற்றச்சாட்டு ஒன்றுதான்: ஒருவருக்கு மட்டுமே உரிய மரியாதையை இரண்டு பேருக்குப் பிரித்தது. தம்பியின் எண்ணுக்கு முன்னால் இருந்த 1 உடனே பறிக்கப்பட்டது. அக்கா ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். இயந்திரம் கேட்காமலே மாற்றுவதால்தான் ஆயிரத்து இருநூறு பேர் வாராவாரம் அழிகிறார்கள், கருவிழிகள் குப்பைக்குப் போகின்றன, தன் தம்பிக்கு இன்னும் இரண்டு வாரம்தான் இருக்கிறது என்றாள். சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. வாரியத் தலைவர் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். உண்மையிலேயே நெகிழ்ந்துபோனார்.

"இந்தப் பொண்ணு சொல்றதுல ஒரு பெரிய உண்மை இருக்கு" என்றார், குழுவைப் பார்த்து. "மூணு வருஷமா இந்த மெஷின் நம்மகிட்ட ஒரு வார்த்தை கேக்காம எழுத்தை எண்ணா மாத்திக்கிட்டு இருந்திருக்கு. யார் குடுத்த அதிகாரம்? நான் இங்க எதுக்கு உக்காந்திருக்கேன்? மாத்தறது தப்பில்ல. கேக்காம மாத்தறதுதான் தப்பு. இனிமே நாமளே மாத்துவோம். முறையா உத்தரவு போட்டு, கையெழுத்துப் போட்டு, அந்தப் பத்தியவே எண்ணா மாத்திடுவோம்."

"சார், அப்படி மாத்தினா எல்லாரும் நிரந்தரமா சைபர் ஆயிடுவாங்க."

"எல்லாரும்னா?"

"எல்லாரும் சார்."

"அப்ப பாகுபாடு இல்லைன்னு சொல்லு" என்றார் வாரியத் தலைவர். சட்ட உறுப்பினர் தலையசைத்தார். நிதி உறுப்பினர், இதில் புதிதாக ஒரு குறிகூடச் சேர்க்கத் தேவையில்லை என்பதைச் சுட்டிக்காட்டி வரவேற்றார். பதினாறு பேரும் இனி அட்டை தயாரிக்கும் பிரிவில் இருப்பார்கள். வாராந்திரப் புதுப்பிப்பு ரத்து. எல்லோருக்கும் நிரந்தர அட்டை வீடு தேடி வரும். அதுவும் பார்வையற்றவர்கள் தடவிப் பார்த்தே தெரிந்துகொள்ளும்படி எண்ணை மேடாக அச்சடித்து.

உத்தரவை ஓட்டும் வேலையை அக்காவிடம்தான் கொடுத்தார்கள். அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அன்றோடு ஒப்பந்தம் முடிந்தது என்று சொன்னார்கள். அப்போதும் கையை எடுக்கவில்லை. கடைசியில் பிரிவுத் தலைவரே ஒற்றை விரலால் அடித்து, எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று அவளிடமே கேட்டு, அவள் சொல்லாததால் தேடிக் கண்டுபிடித்து அழுத்தினார்.

திரையில் வந்தது: மாற்றப்பட்டவை 1,204. எச்சரிக்கைகள் 1,204.

"ஆளுக்கு ஒரு எச்சரிக்கை இருக்கு சார்" என்றாள் அக்கா. "என்னன்னு கேட்டா சொல்லும்."

பிரிவுத் தலைவர் நல்ல மனிதர் என்று முன்பே சொன்னேன். ஒரு நிமிஷம் திரையைப் பார்த்தார். "கேக்காதம்மா" என்றார்.

அடுத்த திங்கட்கிழமை கூடம் காலியாக இருந்தது. கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டார்கள். இரண்டாவது ஆணியிலும் கேடயம் ஏறியது. வரிசை எண் 0 என்றால் வரிசையில் இல்லை என்று அர்த்தம். அதனால் அந்தப் பழைய முப்பத்தொன்பது பேரைத் தவிர வரிசையில் யாரும் இல்லை. அட்டை மட்டும் எல்லோரிடமும் இருக்கிறது. சிலர் தொலைபேசியில் கூப்பிட்டு நன்றி சொன்னார்களாம், இனிமேல் திங்கட்கிழமை அலைய வேண்டாம் என்று.

அதற்கு அடுத்த வாரம் டாக்டர் தம்பியின் வலது கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். விளக்கை அணைத்த பிறகு, "இனிமே வெச்சாலும் நிக்காது" என்றார். திரும்பி வரும்போது தம்பி அக்காவின் தோளில் கையை வைத்துக்கொண்டு நடந்தான். சாலையைத் தாண்டினார்கள். தாண்டிய பிறகு, "கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம்னு சொல்லுவாங்க. நமக்குச் சூரியனே வரலக்கா" என்றான். அக்கா அழுதாள். அவனுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். தோள் குலுங்குவது கைக்குத் தெரியாதா?

வீட்டு வாசலில் தபால் கிடந்தது. வாரியத்தின் உறை. அக்கா அதை எடுத்து மறைக்கப் பார்த்தாள். காகிதச் சத்தம் கேட்டு அவன் கையை நீட்டிவிட்டான்.

"அட்டையா? எத்தனாவது நம்பர் போட்டிருக்காங்க? நீ சொல்லாத, நானே பாக்கறேன்."

படியில் உட்கார்ந்தான். கட்டைவிரலால் அட்டையை ஓரத்திலிருந்து தடவிக்கொண்டே வந்து, நடுவில் இருந்த மேட்டில் நின்றான். வட்டத்தைச் சுற்றி ஒருமுறை விரலை ஓட்டினான். பிறகு மறுபக்கமாக ஒருமுறை. பதினெட்டு வருஷம் லேத்தில் நின்ற விரல் அது.

"வாஷர் மாதிரி இருக்குக்கா" என்றான்.

"ம்."

அவன் இன்னொரு தடவை தடவிப் பார்த்தான், உள்வட்டத்தை, வெளிவட்டத்தை.

"நல்லாக் கடைஞ்சிருக்காங்க" என்றான். "பிசிறே இல்ல."